நிரலை வாசிக்கவும் கற்றுத் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் வரும், பைத்தான் என்ற கணினி மொழிப் பாடங்களை விடாமல் படிக்கிறேன். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நான், நாற்பது வயதுக்கு மேல் கோடிங் பழக அவைதான் துணை. ஆனால் ஒவ்வொரு பாடமும் விடை வந்ததும் நின்றுவிடுகிறது. எழுதியதைப் பிறகு யாராவது படிக்க வேண்டியிருக்கும் என்ற பேச்சே வருவதில்லை.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஊழியர்களின் விடுப்புக் கணக்குக்காக ஒரு புரோகிராம் எழுதினேன். மதிப்புகளைச் சேமிக்கும் மாறிகளுக்கு எக்ஸ், எக்ஸ்1, டெம்ப் என்று வாய்க்கு வந்த பெயர்கள். நன்றாகவே ஓடியது. சில மாதம் கழித்து விதி மாறியது. திறந்து பார்த்தால், ‘டி > 8’ என்று ஒரு வரி. எட்டு நாளா, எட்டு மணி நேரமா? எழுதிய எனக்கே தெரியவில்லை. இரண்டு நாள் மாலை அதிலேயே போயிற்று. மணி நேரம்தான். ‘வேலை_மணி’ என்று பெயர் வைத்திருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். (பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதையும் பாடத்தில் சொல்லுங்கள்.)

அப்புறம் முழுவதையும் மாற்றி எழுதினேன். ஒரே நீளமாகக் கிடந்த 140 வரிகளை நான்கு ஃபங்ஷன்களாக, அதாவது தனித்தனி வேலை செய்யும் பகுதிகளாகப் பிரித்தேன். ஒரு ஃபங்ஷனுக்குச் சுருக்கமாகப் பெயர் வைக்க வரவில்லை என்றால், பெரும்பாலும் அது இரண்டு வேலை செய்கிறது. ‘ஒன்றைக் கூட்டு’ போன்ற கமென்ட்களை (படிப்பவருக்கான குறிப்புகளை) அழித்துவிட்டு, ஏன் கூட்டுகிறோம் என்று எழுதினேன்.

இதெல்லாம் வெறும் அழகுக்கு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஒரு பாதுகாப்புக் கோளாறைத் திருத்தியது. காரணம், ‘goto fail’ (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்ததுதான். வரியின் தொடக்கத்தில் இடம் விட்டு உள்தள்ளி எழுதியிருந்ததால் இரண்டாவது வரியும் மேலே உள்ள ‘இஃப்’ நிபந்தனைக்கு அடங்கியதுபோலத் தெரிந்தது. ஆனால் அது சி மொழி நிரல்; அடைப்புக்குறி இல்லாததால் அடங்கவில்லை. எப்போதும் ஓடியது, இணைப்பின் மறுமுனை உண்மையானதா என்று பார்க்கும் கையொப்பச் சோதனையைத் தாண்டிக் குதித்தது. பைத்தானில் உள்தள்ளலே இலக்கணம் என்பதை அதன் பிறகு நான் தொந்தரவாக நினைத்ததில்லை.

என் வேண்டுகோள் இதுதான்: வாரம் ஒரு வாசகரின் நிரலை வாங்கி, அவர் எழுதியபடியும் திருத்தியபடியும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள். முதல் வாரத்துக்கு என் பழைய விடுப்புக் கணக்கையே அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி