தாம்சனுக்கும் ஸ்டென்னுக்கும் ஒரே தோட்டாவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் இரண்டாம் உலகப் போர் ஆயுதங்கள் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். தாம்சன் என்ற சிறு இயந்திரத் துப்பாக்கியின் படத்தின் கீழே மட்டும், 'தாம்சனின் மலிவுப் பதிப்பே ஸ்டென். இரண்டுக்கும் ஒரே தோட்டா' என்று போட்டிருக்கிறீர்கள். பட்டாளத்தில் பல வருடம் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியைத் தூக்கியவனுக்கு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தாம்சன் அமெரிக்கத் துப்பாக்கி, அதற்கு .45 தோட்டா, அதாவது 0.45 அங்குலக் குறுக்களவு. ஸ்டென், 1941இல் பிரிட்டிஷ்காரர்கள் அவசரத்துக்கு உருவாக்கியது. அதற்கு 9 மி.மீ. தோட்டா. .45 குண்டு கிட்டத்தட்ட 15 கிராம் எடை, ஒலியைவிட மெதுவாகத்தான் போகும். 9 மி.மீ. குண்டு அதில் பாதி எடை, வேகம் அதிகம். அதே சுமைக்கு நிறையத் தோட்டா எடுத்துப் போகலாம். ஜெர்மானியர்களிடமும் 9 மி.மீ.தான் என்பதால், அவர்களிடமிருந்து கைப்பற்றிய தோட்டாவையும் ஸ்டென்னில் போட்டுச் சுடலாம்.

தோட்டாவை மாற்றினால் குழல், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட், தோட்டாக்களை அடுக்கும் மேகசின் மூன்றையும் மாற்றியாக வேண்டும். அமெரிக்கர்களின் எம்3 துப்பாக்கிக்கு அப்படி ஒரு மாற்றுத் தொகுப்பே இருந்தது, அதைப் பொருத்தினால் .45 போய் 9 மி.மீ. வரும், ஸ்டென் மேகசினே அதில் ஏறும். கட்டுரையாளர் இதைக் கேள்விப்பட்டுக் குழம்பினாரோ என்னவோ.

இன்னொன்று. அந்தத் தாம்சனில் 50 தோட்டா வட்ட மேகசினும் ஏறும் என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது 1942இல் வந்த எம்1 தாம்சன். அதில் 50 தோட்டா வட்ட மேகசின் ஏறாது. அது பழைய 1928 மாடலுக்குத்தான்.

ஸ்டென்னுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்ததே மேகசின்தான். உள்ளே இரண்டு வரிசையாக நிற்கும் தோட்டாக்கள் வாயருகே ஒற்றை வரிசையாக நெருக்கிக்கொண்டு வர வேண்டும். கொஞ்சம் தூசி பட்டாலோ, வாய் லேசாக நசுங்கினாலோ சிக்கிக்கொள்ளும். அதனால் 32 பிடிக்கும் மேகசினில் 30தான் போடுவார்கள்.

அப்புறம் வந்த ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கியில் இதைச் சரிசெய்தார்கள். கான்பூரில் தயாரான எங்கள் கார்பைன் அந்த வகைதான். 9 மி.மீ. தோட்டாவின் பித்தளைக் கூடு முன்பக்கம் லேசாகக் குறுகும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரிசை தானாக வளையும். அதனால்தான் ஸ்டெர்லிங் மேகசின் வளைந்திருக்கிறது. தோட்டாக்களை மேலே தள்ளும் தகட்டில் சின்ன உருளைகள் வேறு உண்டு. 34 தோட்டாவையும் கட்டைவிரலால் அழுத்தி நிரப்பி முடிப்பதற்குள் விரல் நுனி சிவந்துவிடும். ஆனால் மேகசின் எங்கும் திக்காது.

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்திப் போட்டுவிடுங்கள். என் பேரன் அதை வெட்டி நோட்டில் ஒட்டிவிட்டான். தாத்தா சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்