செயலாளரின் ஆண்டறிக்கை: வாசகசாலை மீன்தொட்டி உள்ளிட்ட பணிகள் குறித்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இதன் நகல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சென்ற ஆண்டு நகலின் மேல் யாரோ வீடு வாடகைக்கு என்று ஒட்டிவிட்டதால், இம்முறை பலகைக்குப் பூட்டு உண்டு.

செயற்குழு விதிப்படி கூடியது. சில கூட்டங்கள் கோரம், அதாவது தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. கண் பரிசோதனை முகாம் நடந்தது. சிறுவர் ஓவியப் போட்டி நடந்தது. தெருவிளக்கு குறித்து மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. வாசகசாலைக்கு நாளிதழ்கள் தவறாமல் வந்தன. குறுக்கெழுத்துப் பக்கத்தை மட்டும் கிழித்துச் செல்பவர் யாரென்று எனக்குத் தெரியும், பெயர் எழுதவில்லை.

இனி வாசகசாலை மீன்தொட்டி. இதைப் பற்றி வெளியில் பலவிதமாகப் பேசப்படுவதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வாசகசாலையில் செடிகள் வளரும் நன்னீர்த் தொட்டி ஒன்று வைப்பதென்று செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. அன்று வந்திருந்தவர்கள் சிலர்தான் என்பது வேறு விஷயம். வராதவர்களின் மனத்தை நான் எப்படி அறிவேன்? "இத்தனை நாள் இல்லாத மீன்தொட்டி இப்போது எதற்கு?" என்ற கேள்வி தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் எழுந்தது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், ஒரு தொட்டியில் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் தங்கமீன்களையும் சேர்த்து வளர்த்து, மீனும் செடியும் ஒன்றையொன்று தாங்கும் என்று எழுதினார். செடியின் அழுகிய இலைகளால் நீர் கெட்டபோது நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்று நீரைத் தெளிய வைத்தன. மூன்றே ஆண்டுகளில், 1853இல், லண்டன் விலங்குக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. வாசகசாலை என்பது நாளிதழ் புரட்டுவதற்கு மட்டுமான இடம் அல்ல என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 65 லிட்டர். முதல் தொட்டிக்குச் சின்னதாக ஒன்று போதாதா என்று கேட்டார்கள். சின்னத் தொட்டிதான் கஷ்டம். நீர் குறைந்தால் வெப்பமும் கழிவும் சட்டென்று ஏறி இறங்கும், சிறு பிழையையும் அது பொறுக்காது. நீர் மட்டுமே 65 கிலோ. மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் ஓர் ஆளின் எடையைத் தாண்டும். பழைய புத்தக அலமாரியின் மேலேயே வைத்துவிடலாம் என்ற யோசனையை நான் மறுத்ததற்கு இதுவே காரணம், பிடிவாதம் அல்ல. ஜன்னலோரம் வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. நேர்வெயில் பட்டால் செடிக்கு முன்னால் பாசி வளர்ந்துவிடும்.

அடியில் சத்துமண், அதன் மேல் அலசிய மணல், பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்த சரிவு. செடிகளில் வாலிஸ்நேரியா, கிரிப்டோகோரைன், ஹைக்ரோபிலா ஆகியவை மண்ணில் நடப்பட்டன. அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் கட்டையில் நூலால் கட்டினோம். இவ்விரண்டின் கிழங்குத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். உதவிக்கு வந்த உறுப்பினர் ஒருவர் நான் திரும்புவதற்குள் ஒன்றை அழகாகப் புதைத்துவிட்டார். நல்ல மனதோடு செய்ததால் அவருக்கு நன்றி, செடியைப் பிடுங்கிக் கட்டையில் கட்டியாயிற்று. நீர் ஊற்றும்போது மண் கலையாமலிருக்க ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெல்ல ஊற்றினோம். குழாய் நீரில் உள்ள குளோரினை நீக்க மருந்து சேர்க்கப்பட்டது. ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள், ஆனால் நீரில் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்திருந்தால் அது அப்படிப் போகாது.

திறப்பு விழா நன்றாக நடந்தது. படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் வந்தார்கள். பிரச்சினை மறுநாள் தொடங்கியது. "தொட்டி இருக்கிறது, மீன் எங்கே?" என்று வாசகசாலைக்கு வருகிறவர், போகிறவர், நாளிதழைத் தொடாதவர், சந்தா கட்டாதவர் என்று அத்தனை பேரும் கேட்டார்கள். செயலாளர் மீன் வாங்கும் பணத்தை என்ன செய்தார் என்று ஒருவர் கேட்டதாகவும் காதில் விழுந்தது. அதற்கான விளக்கத்தை இங்கே பதிவு செய்கிறேன், நிகழ்ச்சிக் குறிப்பேட்டிலும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் நீரில் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் அது தடுத்துவிடும். இன்னொரு வகை நுண்ணுயிர் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு கேடில்லை, செடிகளும் இதை உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த நுண்ணுயிர்கள் நீரை வடிகட்டும் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். புதுத்தொட்டியில் உடனே மீனை விட்டால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்கள் இந்தச் சபையிலேயே சிலர் இருப்பார்கள். அதனால் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் அம்மோனியா உண்டாகட்டும் என்று, தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனியை, மீனே இல்லாத தொட்டியில், நான் போட்டுவந்தேன். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. சிரிக்கட்டும். சோதனைக் குழாயில் அம்மோனியா ஏறி இறங்கியதும், அதன்பின் நைட்ரைட் ஏறி இறங்கியதும் என் குறிப்பேட்டில் தேதியோடு இருக்கிறது. இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நிலைத்து, நைட்ரேட் தென்பட்ட பிறகே மீன் வாங்கப்பட்டது. யாரும் அந்தக் குறிப்பேட்டைப் பார்க்கக் கேட்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் மூத்த உறுப்பினர் ஒருவர் பை நிறையத் தங்கமீனோடு வந்தார். அன்போடு கொண்டுவந்ததை மறுப்பது எனக்கும் சங்கடம்தான். தங்கமீன் ஒரு சாணுக்கு மேல் வளரும், மண்ணைக் கிளறும், இளந்தளிரைத் தின்னும், கழிவும் அதிகம். வாரிங்டன் வைத்தது தங்கமீன்தானே என்று பொருளாளர் அப்போது கேட்டார். அறிக்கைக்காக நான் படித்ததை எனக்கே திருப்பிச் சொன்ன ஒரே உறுப்பினர் அவர் என்பதால் பாராட்டுகிறேன். ஆனால் வாரிங்டனுடையது சோதனை, நம்முடையது வாசகசாலை. மூத்த உறுப்பினர் அதற்குப் பின் வாசகசாலைப் பக்கம் வரவில்லை. தங்கமீன்கள் அவர் வீட்டில் நலமாக இருப்பதாக அறிகிறேன். அவர் திரும்ப வரவேண்டும்.

நட்ட சில நாளில் கிரிப்டோகோரைன் இலைகள் கண்ணாடிபோல் நிறமிழந்து, தொட்டால் கூழாகும் நிலைக்கு வந்தன. உடனே "செயலாளர் செடியைக் கொன்றுவிட்டார்" என்று செய்தி பரவியது. இடம் மாறினால் அந்தச் செடி இப்படித்தான் செய்யும். வேர் உயிரோடு இருந்தால் புது இலை விடும், விட்டது. கண்ணாடியில் படிந்த பழுப்புப் பாசியும் புதுத்தொட்டிக்கு இயல்பே, துடைத்தால் போகும். செடியோடு ஒட்டி வந்த நத்தைகளை அசிங்கம் என்று எழுத்துமூலம் புகார் அளித்த உறுப்பினருக்கு: அழுகிய இலையை அவை தின்கின்றன, சம்பளம் கேட்கவில்லை. எண்ணிக்கை பெருகினால் யாரோ தீனியை அதிகம் போடுகிறார்கள் என்று பொருள். அந்த யாரோ யாரென்பது குறுக்கெழுத்து விஷயத்தைப் போலத்தான்.

இப்போது தொட்டியில் ஹார்லிகுவின் ராஸ்போரா மீன் கூட்டமும், மணலைத் துழாவும் சிறிய கோரிடோராஸ் மீன்களும் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாமல் தவணையாக விட்டோம். ராஸ்போராவின் பின்னுடலில் ஒரு கறுப்பு முக்கோணம், மற்றபடி உடல் செம்பு நிறம். முட்டையிடும் நேரத்தில் பெண்மீன் கிரிப்டோகோரைனின் அகன்ற இலைக்கு அடியில் போய், தலைகீழாக மல்லாந்து, வயிற்றை இலையோடு உரசும். இதைப் பார்த்த பள்ளிப்பிள்ளைகள் நாளிதழ் மேசையைத் தள்ளிவிட்டு ஓடிவந்தது ஒழுங்கீனம்தான், ஆனாலும் நான் கண்டிக்கவில்லை. விளக்கு டைமரில் பகல் 1 முதல் இரவு 8 வரை எரிகிறது. விளக்கணையும் நேரம் நெருங்கும்போது ஹைக்ரோபிலா இலைகளின் ஓரத்தில் சிறு குமிழிகள் முத்துமுத்தாக நிற்பதைச் சில நாள் காணலாம், அது செடி விடும் ஆக்சிஜன். அதற்காகவாவது மாலையில் ஒருமுறை வாருங்கள்.

ஒரு கடும் ஆட்சேபணை. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து இரவில் ஃபில்டரை அணைத்து வைத்தவர் உண்டு. அந்த ஃபில்டர் 5 வாட் அளவில்தான் எடுக்கிறது. கூட்ட அறை மின்விசிறி யாருமில்லாமல் சுழலும்போது அணைக்க வராத கை, இதற்கு வந்தது. ஃபில்டருக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். நீரோட்டம் நின்றால் அவை மடியத் தொடங்கும், வாரக்கணக்கில் வளர்த்தது வீணாகிவிடக்கூடும். ஸ்பாஞ்சைக் குழாயில் பளிச்சென்று கழுவ முன்வந்த நண்பருக்கும் இதையே சொல்கிறேன். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் லேசாகப் பிழிந்தால் போதும்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய நேராக வந்துள்ளன. தொட்டிச் செலவு வாசகசாலை மற்றும் இதர இனங்களில் அடங்கும். ரசீதுகள் சில ஈரம் பட்டுள்ளன, தொகை தெரிகிறது. விவரம் வேண்டுவோர் பொருளாளரை அணுகலாம். சந்தா நிலுவை மட்டும் நேராக வரவில்லை. மீன்தொட்டிக்கு எதிர்ப்புத் தெரிவித்துச் சந்தாவை நிறுத்தி வைத்திருப்பதாக ஓர் உறுப்பினர் சொன்னார். அவர் நிலுவை, தொட்டி என்ற பேச்சே எழாத காலத்தில் தொடங்குகிறது.

தலைவர் அவர்களுக்கும், துணைத்தலைவருக்கும், பொருளாளருக்கும், இடம் கொடுத்த வாசகசாலைப் பொறுப்பாளருக்கும், முகாமுக்கு வந்த மருத்துவர்களுக்கும், ஓவியப் போட்டி நடுவர்களுக்கும், தரையை மீண்டும் மீண்டும் துடைத்த துப்புரவுப் பணியாளருக்கும் சங்கத்தின் நன்றி. இவர்களில் கடைசியாகச் சொன்னவருக்கு என் சொந்த நன்றியும்.

அடுத்த ஆண்டு பற்றி. இளைஞர்கள் சிலர் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்துச் சிவப்புச் செடிகளும் புல்தரை போன்ற செடிகளும் வளர்க்கலாம் என்கிறார்கள். ஆர்வம் நல்லது. ஆனால் வாயு கூடினால் மீன் மூச்சு முட்டும், விளக்கும் உரமும் அதற்கு ஈடாகக் கூடவேண்டும், தினமும் கண்காணிக்க ஆள் வேண்டும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றவே முறைப்பட்டியல் போட்டும் பெரும்பாலான கட்டங்களில் என் கையெழுத்துத்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டும் செயலாளராகத் தொடரும் எண்ணம் எனக்கில்லை என்று ஏற்கெனவே சிலரிடம் சொல்லியிருக்கிறேன். உறுப்பினர்கள் வற்புறுத்தினால் யோசிக்கலாம். வற்புறுத்துகிறவர்கள் முறைப்பட்டியலில் பெயரும் எழுதினால் யோசிப்பது சுலபமாக இருக்கும். பட்டியல் மேசை மேல் உள்ளது, பேனா கட்டித் தொங்கவிடப்பட்டுள்ளது, நிலுவைச் சந்தாவையும் அங்கேயே செலுத்தலாம்.

தொட்டி நீர் மாற்றத்துக்கென வைத்திருந்த வெள்ளை வாளியைக் காணவில்லை. அதில் சோப்புப் படக்கூடாது. எடுத்துச் சென்றவர் ஏற்கெனவே துணி ஊறவைத்திருந்தால் அதை அவரே வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று வாங்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்