வரலாற்றுப் பாடநூல் எழுதுபவர்களுக்கு: ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

வணக்கம்.

உங்கள் புத்தகங்களில் ஆண்டு இல்லாத பக்கமே கிடையாது. போர், முடிசூட்டு, சாவு, ஒப்பந்தம், எல்லாவற்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணை எங்கிருந்து எண்ணுகிறோம், யார் எண்ண ஆரம்பித்தார் என்பதை மட்டும் சொல்வதே இல்லை. அதனால் படிப்பவர்களில் ஒரு சாரார் 2000 என்றால் பிரபஞ்சத்துக்கே ஏதோ ஆகிவிட்டதாக நம்புகிறார்கள். இன்னொரு சாரார், பிற்பாடு ஏதாவது ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, ஆண்டெல்லாம் யாரோ இஷ்டத்துக்கு வைத்தது, அப்படியானால் வரலாறே புளுகு என்று கிளம்பிவிடுகிறார்கள்.

தொடக்கம் இஷ்டத்துக்கு வைத்ததுதான். அதை ஏன் மறைக்க வேண்டும்? 525இல் டயனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி ஈஸ்டர் தேதிகளுக்கு அட்டவணை போட்டார். அதற்கு முந்தைய அட்டவணை, ரோமப் பேரரசர் டயக்ளீஷியன் ஆட்சிக்கு வந்த 284இலிருந்து எண்ணியது. கிறித்தவர்களைத் துன்புறுத்தியவரின் பெயரால் நாம் எதற்கு எண்ணுவது என்று அவர் இயேசுவின் வருகையிலிருந்து எண்ணத் தொடங்கினார், அவ்வளவுதான். அந்தக் கணக்கும் உதைக்கிறது: இயேசு பிறந்தபோது ஆண்டதாக மத்தேயு நற்செய்தி சொல்லும் ஏரோது, பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பில், கி.மு. 4லேயே இறந்துவிட்டார். அதே நிகழ்வை வேறு விதமாகக் கணக்கிட்ட எத்தியோப்பியா ஏழெட்டு ஆண்டு பின்னால் நிற்கிறது, அவர்களுடைய 2000ஆம் ஆண்டு பிறந்தது நம்முடைய 2007 செப்டம்பரில். கி.பி.யைப் பொ.ஆ. (பொது ஆண்டு) என்று மாற்றி அச்சிடுகிறீர்கள், சரி, நல்லதுதான், ஆனால் தொடக்கப்புள்ளி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அப்புறம் அந்தப் பூஜ்யம். கி.மு. 1 முடிந்ததும் நேராகக் கி.பி. 1, நடுவில் எதுவும் இல்லை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 63 செப்டம்பரில் பிறந்து கி.பி. 14 ஆகஸ்டில் இறந்தார். எந்தப் பிள்ளையும் கூட்டி 77 என்றுதான் எழுதும். இறந்தபோது அவருக்கு 75 முடிந்திருந்தது, அடுத்த பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. வானியலாளர்கள் இந்த வம்பே வேண்டாமென்று கி.மு. 1ஐ 0 என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆண்டு எந்த நாளில் பிறக்கிறது என்பதும் இப்படித்தான். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி மார்ச் 25தான் புத்தாண்டு. அதனால் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிய ஜனவரி 30, அன்றைய ஆவணங்களில் 1648, உங்கள் புத்தகத்தில் 1649. இரண்டுமே சரி.

ஆனால் எண்ணத் தொடங்கிய இடம் மனிதர் வைத்தது என்பதால் எண்ணப்படுவதும் மனிதர் வைத்தது ஆகிவிடாது. இந்த ஒன்றைத்தான் நீங்கள் எழுத வேண்டும். ஐரோப்பாவின் பழைய ஜூலியன் நாட்காட்டி ஆண்டை 365.25 நாள் என்று வைத்தது, பருவங்கள் திரும்பிவர ஆவது சுமார் 365.2422 நாள். இந்தத் துளி வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து வசந்தகாலச் சம இரவு நாள், அதாவது பகலும் இரவும் சமமாகும் நாள், பத்து நாள் முன்னால் போனதால்தான் 1582இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரி அக்டோபர் 4க்கு மறுநாளை 15 ஆக்க வேண்டியிருந்தது. எந்தப் போப்பாண்டவரும் சூரியனோடு பேரம் பேச முடியாது. இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள், அது சந்திரனைப் பின்பற்றுகிறது, 622இலிருந்து எண்ணுகிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளலாம், ஏனென்றால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பகலும் இரவும்.

இதைச் சொல்லித்தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹெரிபெர்ட் இல்லிக் என்ற ஜெர்மானியர் இருக்கிறார். 614 முதல் 911 வரையிலான ஏறக்குறைய 300 ஆண்டுகள் நடக்கவே இல்லை, பின்னால் வந்தவர்கள் நாட்காட்டியில் செருகிவிட்டார்கள் என்று எழுதினார், அதை நம்பவும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படியானால் 837இல் ஹாலி வால்நட்சத்திரத்தைப் பார்த்துக் குறித்துவைத்த சீனர்கள் எந்த வானத்தைப் பார்த்தார்கள்? இன்றைய சுற்றுப்பாதைக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் அது அந்த ஆண்டில்தான் வருகிறது. 774-775இல் வளிமண்டலத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் திடீரென்று எகிறியது, ஜப்பானிய மரங்களின் ஆண்டு வளையங்களிலும் ஐரோப்பிய மரங்களிலும் அதே ஆண்டு வளையத்தில் அது பதிந்திருக்கிறது. மரத்துக்கு டயனீசியஸைத் தெரியாது, போப்பாண்டவரையும் தெரியாது, ஆண்டுக்கு ஒரு வளையம் போட்டது, நாம் இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம். 300 வளையங்களை யார் போய்ச் செருகுவது?

புதிய அலகெல்லாம் வேண்டாம். முதல் பாடத்துக்கு முன்னால் ஒரு பக்கம், அதில் எண்ணத் தொடங்கிய இடத்தையும் எண்ணப்படுவதையும் பிரித்துச் சொல்லுங்கள். அகஸ்டஸின் வயதைப் பயிற்சிக் கணக்காகக் கொடுங்கள், ஆனால் தயவுசெய்து விடைப் பகுதியில் 77 என்று அச்சிட்டுவிடாதீர்கள்.