பழைய டிராயிங்கைப் பிடித்துத் தொங்குவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்பெனிகள் டிசைன் மாற்றங்களைக் கம்ப்யூட்டரில் கையாள்வது பற்றிப் போன வாரம் உங்கள் தொழில் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஈ.சி.ஆர். என்ற மாற்றக் கோரிக்கையை யார் போடுவது, யார் யார் ஒப்புதல் தருவது, அது ஈ.சி.ஓ. என்ற மாற்ற ஆணையானதும் உதிரிப் பட்டியல் எப்படித் திருத்தப்படுகிறது என்பதெல்லாம் சரியாகவே இருந்தது. கடைசிப் பத்தியில்தான் அந்த வரி: "சிறு பட்டறைக்காரர்கள் பழைய டிராயிங்கையே பிடித்துத் தொங்குவதால்தான் இத்தனை மென்பொருள் இருந்தும் தப்பான உதிரி வருகிறது." எழுதியவர் எங்கள் பக்கம் ஒரு நடை வந்து, ஒரு டீ குடித்துவிட்டு எழுதியிருக்கலாம். கோவையில் நாங்கள் இருக்கும் கணபதிப் பகுதி அவருக்கு ரொம்பத் தூரம் போலிருக்கிறது.

எங்களுடையது மோட்டாருக்குள் சுற்றும் தண்டை, அதாவது ஷாஃப்டைக் கடைகிற பட்டறை. லேத்து என் வீட்டுக்காரர் பொறுப்பு. டிராயிங் ஃபைல், செலான், பில் எல்லாம் என் பொறுப்பு. பழைய டிராயிங் மேல் எங்களுக்கு என்ன ஆசை இருக்க முடியும்? ஆர்டரில் உள்ளதைத்தான் கடைகிறோம். பாதி ஆர்டரில் டிராயிங் நம்பர் மட்டும் இருக்கும், அது எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ரிவிஷன் எழுத்து இருக்காது. போன் போட்டுக் கேட்டால், "பழையபடியே போடுங்கக்கா" என்பார் பர்ச்சேஸ் தம்பி. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. டிசைனில் மாற்றியதை அவருக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாங்கள் வேலை செய்துகொடுக்கும் ஒரு மோட்டார் கம்பெனியில் 6204 நம்பர் பேரிங்கை 6205 ஆக மாற்றினார்கள். நியாயமான மாற்றம்தான், பெரிய பேரிங் கூடுதல் லோடு தாங்கும். 6204க்கு ஷாஃப்ட் நுழையும் உள்விட்டம் 20 மில்லி, வெளிவிட்டம் 47. 6205க்கு 25, 52. பேரிங் உட்காரும் மோட்டார் மூடியைக் கடைகிறவர் தப்பித்துக்கொண்டார். துளையை 47இலிருந்து 52க்குப் பெரிதாக்கி, ஆழத்தில் ஒரு மில்லி கூட்டினால் பழைய மூடியும் ஆகிவிடும். ஷாஃப்டை என்ன செய்வது? 20க்குக் கடைந்து தள்ளிய இரும்பு மறுபடி 25 ஆகுமா? வெல்டிங் வைத்து ஏற்றிக் கடையலாமே என்று அங்கே ஒருவர் யோசனை சொன்னார். அந்த ஷாஃப்டை அவர் தோட்டத்து மோட்டாரில் போட்டுக்கொள்வாரா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்தேன்.

அவர்கள் கம்ப்யூட்டரில் 'பழைய சரக்கை என்ன செய்வது' என்ற கட்டத்தில் மூடிக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து 'ரீவொர்க்', அதாவது திருத்திக் கடைந்து எடுத்துக்கொள் என்று ஒரே டிக். அதுவும் அவர்கள் ஸ்டோரில் இருந்த சரக்குக்கு. எங்கள் பட்டறையில் பாதி கடைந்து கிடந்த லாட் அந்தத் திரையில் எங்குமே இல்லை. மாற்றம் அமலாகும் தேதி தாண்டிவிட்டது என்று, நாங்கள் கொண்டுபோன சரக்கு கேட்டிலேயே ரிஜெக்ட். ராடு அவர்கள் கொடுத்தது என்பதால் அதன் விலையையும் எங்கள் கணக்கில் பிடிக்க டெபிட் நோட். கூலியும் போச்சு, கைக்காசும் போச்சு. பழையதையும் புதியதையும் மாற்றிப் போட முடியாது என்றால் ரிவிஷன் எழுத்தை மட்டும் மாற்றினால் போதாது, புதுப் பார்ட் நம்பரே கொடுக்க வேண்டும் என்பது டிப்ளமோ படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியாததல்ல.

ஒப்புதல் கமிட்டியில் டிசைன், குவாலிட்டி, பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற படம்கூடப் போட்டிருந்தீர்கள். நல்ல படம். வெளியே எத்தனை ஷாஃப்ட் கிடக்கிறது என்று ஒரு போன் போட அதில் ஒருவருக்கும் நேரமில்லை.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006லேயே சட்டம் போட்டார்கள். அப்படிக் கொடுக்காத தொகையை அந்த வருஷச் செலவில் காட்டி வரி குறைக்க முடியாது என்று 2023 பட்ஜெட்டில் இறுக்கினார்கள். அப்புறம் என்ன, அந்தப் பிடியிலிருந்து தப்பிக்க, உத்யம் என்ற அரசுச் சிறுதொழில் பதிவே இல்லாத பட்டறையாகப் பார்த்து ஆர்டரைத் திருப்பிவிட்டார்கள் சில பேர். 2022இல் கரண்டு நிலைக்கட்டணம் ஏறியதிலிருந்து லேத்து சும்மா நின்றாலும் பில் நிற்பதில்லை. இதற்கெல்லாம் உங்கள் பக்கத்தில் எத்தனை பத்தி கிடைத்தது என்று நான் எண்ணப்போவதில்லை. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்ததை ஒவ்வொரு தொழில் மலரிலும் படிக்கிறோம், பெருமையாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு ஷாஃப்ட் கடைகிறவர்கள் உங்கள் கண்ணில் படுவது தப்புக்கு ஆள் தேடும்போது மட்டும்தான்.

மறுப்பெல்லாம் கேட்கவில்லை. அந்தத் தொடர் அடுத்த வாரமும் வருகிறதே, அதில் ஒரு ஓரமாகப் பெட்டி கட்டி இதைப் போடுங்கள்: ஆர்டரில் டிராயிங் நம்பரோடு ரிவிஷன் எழுத்தையும் அச்சடியுங்கள், மாற்ற ஆணைக்குத் தேதி குறிக்கும் முன், வெளிப் பட்டறையில் எத்தனை கிடக்கிறது என்று கேளுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். அடுத்த ஆர்டர் அதே கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கணபதி, கோவை.