மறைவுக் கூடாரத்தின் பின்பக்க ஜிப்: இனி போனில் பேசப் போவதில்லை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை
பொருள்: ஒருவர் அமரும் மறைவுக் கூடாரத்தை மாற்றித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். தோட்டத்து அணில்களையும் பறவைகளையும் உள்ளே ஒளிந்திருந்து படமெடுக்க உங்களிடம் வாங்கிய மறைவுக் கூடாரத்தின் பின்பக்க ஜிப் சரியாக மூடுவதில்லை. போன், வாட்ஸ்அப், மின்னஞ்சல் என்று எல்லா வழியிலும் சொல்லி ஓய்ந்துபோய் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிய புகார் எண், புதிய குரல். நானும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எந்த ஜிப் என்று உங்களுக்கே தெரியும். வளைந்து திரும்பும் இடத்துக்கு வந்ததும் பல் விட்டுப் போகும் அதே பின்பக்க ஜிப்தான். பாதியில் நின்றுவிடுகிறது, மேல்பகுதி திறந்தே கிடக்கிறது. "கொஞ்சம் திறந்திருந்தா காத்து வரும் சார்" என்றார் உங்கள் ஊழியர். மறைவிடம் செய்து விற்கும் நிறுவனத்தில் இருப்பவர் பேசுகிற பேச்சா இது? உள்ளே இருட்டாக இருந்தால்தான் நான் இருப்பது வெளியே தெரியாது. முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் நுழைந்தால் முன் ஜன்னலில் என் உருவம் அப்படியே தெரிகிறது. கேமராவுக்குக் கை போனதும் அணில் வாலைச் சொடுக்கிக் கத்தத் தொடங்கிவிடும். குருவிகளும் பறந்துவிடும். அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

துணியில் அச்சிட்ட இலைகளைப் பற்றி உங்கள் விளம்பரம் அவ்வளவு பேசுகிறது. அணிலின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. அதை விரட்டுவது அசைவு. அசைவை மறைக்காத கூடாரத்தில் எத்தனை இலை இருந்து என்ன பயன்?

இதைவிடப் பெரிய கொடுமை உங்கள் சர்வீஸ் சென்டர். "கழற்றிக் கொண்டுவாங்க, பார்த்துடலாம்" என்றார்கள். கழற்றினேன், சுமந்துகொண்டு போனேன். அரைநாள் உட்காரவைத்துவிட்டு, ஜிப் மாற்றுபவர் இன்று வரவில்லை என்றார்கள். வரச் சொன்னவர்களுக்கு அது முன்பே தெரியாதா? மறைவுக் கூடாரம் மடக்குக் குடை இல்லை, நினைத்தபோது எடுத்து நினைத்தபோது விரிக்க. நாள்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால்தான் அணிலும் பறவைகளும் அதைத் தோட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளும். நீங்கள் ஒருமுறை கழற்றச் சொன்னால் அந்தப் பழக்கம் முழுக்க வீண்.

வீண் என்றால் எவ்வளவு வீண் தெரியுமா? கூடாரம் மறுபடி நின்ற முதல் நாளே, தாய் அணில் குட்டியை வாயில் கவ்வி ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்குக் கொண்டுபோனது. 400 மி.மீ. லென்ஸ், 1/1000 நொடி ஷட்டர் வேகம், எல்லாம் தயார். பின்பக்கத் துணி காற்றில் படபடத்தது. அணில் மரத்தின் மறுபக்கம் சுற்றிப் போய்விட்டது. என் வாழ்நாளில் அந்தப் படம் இனிக் கிடைக்காது. அந்த நஷ்டத்தை எந்த வாரண்டியில் ஈடுகட்டப் போகிறீர்கள்?

இதைச் சொன்னபோதுதான் உங்கள் ஊழியர், "அணில் எங்க சார் ஓடிப்போயிடும்? நாளைக்கு வரும், எடுத்துக்குங்க" என்று சொல்லி, பக்கத்திலிருந்தவரோடு சேர்ந்து சிரித்தார். பெயர் கேட்டேன், இணைப்பைத் துண்டித்தார். அழைப்புகளைப் பதிவு செய்வதாக உங்கள் அறிவிப்பு சொல்கிறது. தயவுசெய்து அந்தப் பதிவை நீங்களே கேளுங்கள். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

உங்கள் முன் ஜன்னல் வலை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அதனால்தான் பணத்தைத் திரும்பக் கேட்காமல் இன்னமும் பொறுமையாகப் பேசுகிறேன். இரண்டு வாரத்துக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். பில் நகல், ஜிப்பின் படங்கள், பழைய புகார் எண்கள் எல்லாம் இணைத்துள்ளேன்.

வேறொரு ஜிப் வேண்டாம், அதுவும் அதே வளைவில்தான் நிற்கும். புதிய கூடாரம் தாருங்கள். பழையதை எடுக்க வரும் ஆளே புதியதைக் கொண்டுவரட்டும், அதே இடத்தில் அப்போதே மாற்றிக்கொள்கிறேன். கழற்றி அனுப்ப மட்டும் இனிச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்