‘ஒரு வாய்தானே’ என்று சொல்லாதவர்களுக்கு நன்றி

எங்கள் மகன் வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். அதற்குள் இந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று நானும் அவரும் பேசிக்கொண்டே இருந்தோம்.

அவனுக்கு இருப்பது பழச்சர்க்கரை சேராத பிறவிக் கோளாறு, டாக்டர்கள் எச்.எஃப்.ஐ. என்பார்கள். அலர்ஜி இல்லை, சர்க்கரை நோயும் இல்லை. பழச்சர்க்கரையை, அதாவது ஃபிரக்டோஸை, உடைக்கிற ஆல்டோலேஸ் பி என்ற நொதி அவன் கல்லீரலில் வேலை செய்வதில்லை. பாதி மாறிய சர்க்கரை அங்கேயே தேங்கி, கல்லீரல் ரத்தத்துக்குக் குளுக்கோஸ் விடுவதையும் தடுத்துவிடும். வாந்தி, வியர்வை, மயக்கம் என்று ஆரம்பித்து, தொடர்ந்து கொடுத்தால் கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டுப்போகும். பழமும் தேனும் மட்டுமில்லை, வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவும் ஆகாது, அவற்றிலும் ஃபிரக்டோஸ் உண்டு.

தாய்ப்பால் மட்டும் குடித்தவரை நன்றாகத்தான் இருந்தான், பால் சர்க்கரையில் ஃபிரக்டோஸ் கிடையாது. வாழைப்பழமும் வெல்லம் போட்ட கேழ்வரகுக் கூழும் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் எல்லாம். செரிமானக் கோளாறு என்று கொடுத்த சிரப்பிலும் சர்க்கரை இருந்தது.

முதல் நன்றி எங்கள் டாக்டர் அம்மாவுக்கு. “எத்தனை தடவை வாந்தி எடுத்தான்னு அப்புறம் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டான்?” என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். சிறுநீரில் குளுக்கோஸ் பட்டை ஒன்றும் காட்டவில்லை, ஃபிரக்டோஸையும் காட்டுகிற பழைய பெனடிக்ட் பரிசோதனையில் மட்டும் நிறம் மாறியது. மரபணு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே இனிப்பு அத்தனையையும் நிறுத்தச் சொன்னார். அந்த முடிவுதான் அவன் கல்லீரலைக் காப்பாற்றியது என்று நாங்கள் நம்புகிறோம்.

நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். ரிப்போர்ட் வந்ததும் யார் வீட்டு ரத்தம் என்று பேச்சு கிளம்பியது. பழுதான மரபணு ஒன்று அப்பாவிடமிருந்தும் ஒன்று அம்மாவிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய், எங்கள் இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இருக்காது, ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு என்று மரபணு ஆலோசகர் படம் போட்டு விளக்கினார். அதைக் கேட்டுவிட்டு என் அத்தை ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய், “இதுல ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு, இனி யாரும் என் மருமகளைப் பேசக்கூடாது” என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அத்தை, அதை நான் மறக்கவே மாட்டேன்.

மெடிக்கல் கடை அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது? சர்க்கரை இல்லாத சிரப் என்றால் எங்களுக்கு நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதில் பெரும்பாலும் சார்பிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கும், அது உடம்புக்குள் போய் ஃபிரக்டோஸாகவே மாறும். அண்ணன் ஒவ்வொரு பாட்டிலின் பொடி எழுத்தையும் படித்துப் பார்த்து, முடியாததை ஒதுக்கிவிட்டு டாக்டருக்கே போன் போட்டு மாத்திரைக்கு மாற்றித் தருவார், கடையில் எவ்வளவு கூட்டம் நின்றாலும்.

சத்துமாவில் வெல்லம் இருக்கிறது என்று அவனுக்கு மட்டும் தனியாக முட்டை எடுத்து வைத்த அங்கன்வாடி டீச்சருக்கும், பஞ்சாமிர்தத்தைத் தவிர்த்து அவன் கையில் திருநீறு மட்டும் வைக்கும் குருக்களுக்கும், பிறந்தநாளில் சாக்லேட்டுக்குப் பதிலாகப் பென்சில் கொடுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் மனசு நிறைந்த நன்றி. நீங்கள் யாருமே “ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது” என்று சொல்லவில்லை. வெளியாட்களிடம் அதைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன எங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

சரி, இனி பள்ளிக்கூடம். ஃபிரக்டோஸ், சார்பிட்டால் கலந்த டிரிப் ஏற்றக்கூடாது, மயங்கினால் வெறும் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ்தான் என்று டாக்டர் அம்மா எழுதித் தந்த அட்டையை நகல் எடுத்து வைத்திருக்கிறோம். வகுப்பு டீச்சருக்கு ஒன்று, ஆட்டோ அண்ணனுக்கு ஒன்று, சத்துணவு அக்காவுக்கு ஒன்று. மூன்று பேரும் இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். உங்களுக்கும் நன்றி.