கூந்தன்குளத்து ஊராருக்கு, படம் எடுக்க வந்தவர்களின் நன்றி மடல்

கூந்தன்குளம் ஊராருக்கும், காடன்குளத்துக் கரையில் ஆடு மேய்க்கும் அண்ணாச்சிமாருக்கும், வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும், தையல்கடை, எடைக்கடை (பழைய இரும்புக்கடை), டீக்கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஊர் மரங்களிலும் குளத்திலும் தங்கும் பறவைகளை இந்தப் பருவத்தில் எடுத்த படங்களில் தேறியவை அச்சாகி வந்துவிட்டன. பார்ப்பவர்கள் முதலில் கேட்பது “என்ன லென்ஸு?” என்றுதான். 600 மி.மீ. லென்ஸ், 45 மெகாபிக்சல் கேமரா என்று பதில் சொல்லலாம், பொய்யில்லை. ஆனால் கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. அந்த லென்ஸில் 60 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரையைப் பிடித்தால் சட்டத்துக்குள் 3.6 மீட்டர் அகலம் அடங்கும். படத்தின் ஒரு புள்ளிக்கு இறகில் 0.44 மி.மீ. இடம். அதே நாரை 15 மீட்டரில் இருந்தால் சட்டத்தின் அகலம் 90 செ.மீ., ஒரு புள்ளிக்கு 0.11 மி.மீ. வாலோரத்து ரோஸ் இறகு முதல் படத்தில் வெறும் பூச்சு. இரண்டாவதில் நடுத்தண்டிலிருந்து சீப்புப் பல்லாகப் பிரியும் இழைகளை எண்ணலாம். அந்த 45 மீட்டரை எந்தக் கடையிலும் விற்பதில்லை. வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்டாமல், தீபாவளிக்கு வெடி போடாமல் இருந்து அதைச் சம்பாதித்தவர்கள் நீங்கள். 1994-இல் சரணாலயம் என்று அரசு அறிவித்ததும், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்ததும் அதற்குப் பிந்திய கதை.

முதல் நன்றி, தட்டட்டிக்கு (மொட்டைமாடிக்கு) ஏற விட்ட ஆச்சிமாருக்கு. தரையில் நின்று மேலே பார்த்து எடுத்தால் நாரையின் வயிறும் வெளுத்த வானமும்தான் கிடைக்கும். கூட்டின் உயரத்துக்கே போய்விட்டால் கண்ணுக்கு நேர் கண். ஆனால் தட்டட்டியில் திடீரென்று ஓர் ஆள் எழுந்து நிற்பது எந்தப் பறவைக்கும் பிடிக்காது, மனிதரோடு பழகிய பறவையாக இருந்தாலும் சரி. அதற்கு வழி சொன்னதும் ஓர் ஆச்சிதான்: கொடியில் காயும் சேலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள். கடையில் விற்கும் பச்சைப்புள்ளித் துணிக்கூடாரத்தைப் புதிதாக விரித்தால் நாரை கழுத்தை நீட்டி முறைக்கும். சேலையை அது நாள்தோறும் பார்க்கிறது. சேலைக்கும் வேட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, அதில் லென்ஸின் வாய், ஆள் சம்மணமிட்டு உள்ளே; இவ்வளவுதான் ஏற்பாடு. சேலையின் கீழ்முனையில் இரண்டு கிளிப்பும் சின்னக் கல்லும் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் பறந்து லென்ஸ் முன்னால் விழும். ஃபோகஸ் பூப்போட்ட நைலக்ஸில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் கிட்டத்தில் வேறொரு சங்கடம் உண்டு. 10 மீட்டர் தூரத்தில், எஃப் 6.3 திறப்பில், 600 மி.மீ. லென்ஸுக்குத் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 10 செ.மீ. நாரையின் அலகோ ஒரு சாணுக்கு மேல். அது நம்மைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது அலகு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும், அந்தப் படம் குப்பை. திறப்பை எஃப் 11-க்கு ஒடுக்கினால் ஆழம் 18 செ.மீ. ஆகும்; அப்போதும் முழு அலகு அடங்காது. ஆகவே ஒற்றைப் புள்ளி ஃபோகஸைக் கண்ணில் வைத்து, பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருப்பதே வழி. தானாகக் கண்ணைக் கண்டுபிடிக்கும் புதுக் கேமராக்களை முழுக்க நம்பாதீர்கள். வேப்பிலை நிழலையும் கணுவையும் கண்ணென்று அவை பல தடவை எடுத்துக்கொள்கின்றன.

“குஞ்சு கத்துச்சுன்னா தாய் வருது” என்று சொல்லித் தந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு கும்பிடு. நாரை கூட்டில் இறங்கும் படம் ஒரு விநாடிச் சமாசாரம். சிறகைக் குடைபோல் கவிழ்த்து, காலைத் தொங்கவிட்டு, பிரேக் போட்டபடி வரும். வந்தபின் கேமராவைத் தூக்கினால் முடிந்தது கதை. குஞ்சுகள் தலையை ஆட்டிக் கத்தத் தொடங்கினாலே கூட்டின் விளிம்பில் ஃபோகஸை வைத்துவிட வேண்டும். ஷட்டர் வேகம் 1/2000 விநாடி. அதை 1/1000-க்கு இறக்கினால் உடம்பு தெளிவாக நிற்கும், சிறகு நுனி கரைந்துவிடும். ஃபோகஸ் இலக்கு மாறும் வேகத்தையும் மெதுவாக வைப்பது நல்லது. நடுவில் கிளை குறுக்கிட்டாலும் நாரையை விடாது.

ஒன்பதரைக்கு மேல் தட்டட்டியிலிருந்து இறங்கச் சொன்ன காவலர்களிடம் முனகியவர்கள் உண்டு. இப்போது எல்லார் சார்பிலும் மன்னிப்பும் நன்றியும். வெயில் ஏறியதும் தாய்நாரை சூரியனுக்கு முதுகு காட்டி, சிறகை அரைவாசி விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுக்கிறது. அந்த நேரத்தில் அதை எழுப்பிவிட்டால் குஞ்சு வெயிலில் வதங்கும், காக்கையும் தயாராக நிற்கும். ட்ரோன் கூடாது, ஃபிளாஷ் கூடாது, செல்போனில் பறவைக்குரல் போட்டு அழைக்கக் கூடாது என்று அவர்கள் வைத்த வரம்பு எல்லாம் சரி.

படக்காரன் கண்ணோடு பார்த்தாலும் அந்த நேரத்துக்குமேல் பெரிதாக எதுவும் கிடைக்காது. காரணம் கானல். சூடேறிய தரைக்கு மேல் காற்று அடுக்கடுக்காக வேறு வேறு அடர்த்தியில் நெளிகிறது. ஒளி அதில் வளைந்து வளைந்து வருகிறது. ஷட்டரைக் கூட்டினாலும், முக்காலி வைத்தாலும், விலை கூடிய லென்ஸ் வாங்கினாலும் தீராது. நீள லென்ஸ் கானலையும் சேர்த்தே பெரிதாக்கும். தார்ரோட்டையோ வறண்ட கரம்பையையோ தாண்டி எடுத்தால் எட்டரைக்கே இறகெல்லாம் பஞ்சாகிவிடும். பலரும் இதை லென்ஸ் கோளாறு என்று நினைத்துச் சர்வீஸுக்குக் கொடுக்கிறார்கள். சந்தேகம் வந்தால் காலை ஏழு மணிக்கு 20 மீட்டரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி எடுத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாக விழுந்தால் லென்ஸ் பேரில் குற்றமில்லை. காருக்குள் இருந்து எடுப்பவர்கள் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். உள்ளிருக்கும் குளிர்காற்றும் வெளிச்சூடும் ஜன்னலில் கலக்கும் இடத்தில் ஒரு குட்டிக் கானல் உண்டாகிறது. பானெட்டுக்கு மேலாக எடுப்பது அதைவிட மோசம்.

குளத்துக் கீழ்க்கரைக்கு (கிழக்குக் கரைக்கு)ப் போகச் சொன்ன டீக்கடை அண்ணாச்சிக்கு, காற்றைப் பற்றிச் சொன்ன பாடத்துக்காக நன்றி. பறவை காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், எதிர்த்துத்தான் இறங்கும். மார்கழி, தை மாதங்களில் விடியலில் கொண்டல் (கீழைக்காற்று) வீசினால் சூரியனும் காற்றும் ஒரே பக்கம். கீழ்க்கரையில் முதுகைக் கிழக்குக்குக் காட்டி நின்றால் கூழைக்கடா நம் முகத்தை நோக்கிக் கிளம்பும், வெளிச்சமும் அதன் முகத்தில் விழும். மேல்கரையில் நின்றால் கிடைப்பது வாலும் நிழலும். கிளம்பப்போவதற்கு அடையாளம்: உடம்பை முன்னால் சாய்க்கும், முழங்காலை மடக்கும், பெரும்பாலும் எச்சம் இடும். எச்சம் விழுந்ததும் பொத்தானை அழுத்தத் தொடங்குங்கள். நாகரிகமாகச் சொல்ல இதற்கு வேறு வழி தெரியவில்லை.

வெள்ளைப் பறவைக்கு ஒரு சொல். கரண்டிவாயனும் கொக்கும் கரிய கருவேல மரத்துக்கு முன்னால் நின்றால், கேமராவின் ஒளிமானி அந்த இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும். முதுகு வெளுத்துப்போய் ஓர் இறகுகூடத் தெரியாது. ஒளியளவை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைக்க வேண்டும். அதே கொக்கு வெளிர்வானத்தில் பறந்தால் தலைகீழ்: அரை முதல் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். வெளுத்துப்போன இறகைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இனி தையல்கடை அண்ணாச்சி. கண்காணிப்புக் கோபுரத்தில் முக்காலி உதவாது. படியில் ஒருவர் ஏறினாலே மேல்தளம் அதிர்கிறது, முக்காலி அந்த அதிர்வை அப்படியே லென்ஸுக்கு ஏற்றுகிறது. கைப்பிடிச் சுவர்மேல் தானிய மூட்டை வைத்தால் அதிர்வைக் குடித்துவிடும். அவர் தைத்துக் கொடுத்தவை கான்வாஸ் துணியில் 30-க்கு 20 செ.மீ. பைகள், உள்ளே இன்னொரு காடாப் பை, இரட்டைத் தையல், வாயில் ஜிப், அதன்மேல் ஒட்டுப்பட்டை. முக்கால் பாகம்தான் நிரப்ப வேண்டும். நெருக்கி நிரப்பினால் லென்ஸ் உட்காரப் பள்ளம் விழாது, உருண்டு விழும். உள்ளே கம்பு போதும். அரிசியும் ஆகும், ஆனால் வண்டு சீக்கிரம் வரும். தெர்மாகோல் குருணை கனமில்லாமல் வழுக்கும், கிரீச்சென்று சத்தமும் போடும். மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். தையல் வழியே கசியும் நுண்தூள் ஜூம் வளையத்துக்குள் போனால் கரகரவென்று அரைக்கும். பனியில் நனைந்த கம்பை அன்றே தார்ப்பாயில் கொட்டி உலர்த்தித் தந்த அக்காமாரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எடைக்கடைக்காரர் கொடுத்த இரண்டு பழைய இருப்புச்சட்டிகளைப் பற்றி ஊரில் கேலி உண்டு. உள்ளானும் பவளக்காலியும் சேற்றோரம் இரை பொறுக்குகின்றன. நின்றுகொண்டு எடுத்தால் பின்னணி முழுக்கச் சேறு, அதுவும் பறவைக்கு அரை மீட்டர் பின்னால், அத்தனையும் தெளிவாக. குப்புறப் படுத்து லென்ஸைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுவந்தால் பின்னணி அக்கரைக்குத் தள்ளிப்போய்ப் பாலாகக் கரையும். முன்னால் நிற்கும் பறவையின் ஒவ்வொரு இறகும் எழுந்து தெரியும். முக்காலி அவ்வளவு தாழாது, வெறும் மூட்டை சேற்றில் புதையும். இருப்புச்சட்டிக்குள் மூட்டையை வைத்தால் படகுபோல் வழுக்கி முன்னேறும். முழங்கைக்கு அடியில் உரச்சாக்கு. ஒரு நகர்வுக்கு அரை மீட்டர், பிறகு இரண்டு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். பறவை இரையெடுப்பதை நிறுத்தித் தலை நிமிர்த்தினால் அதுதான் எல்லை; அதற்குமேல் போனால் பறக்கும்.

ஆட்டுக்கார அண்ணாச்சிமார் இல்லாவிட்டால் வரித்தலை வாத்துப் படம் ஒன்றுகூட இல்லை. இமயத்தைத் தாண்டி வருகிற அந்த வாத்துகள் இரவில் வயலில் மேய்ந்து, பகலில் குளத்தோரம் ஓய்கின்றன. தனி ஆள் நடந்து வந்தால் வெகுதூரத்திலேயே எழுந்துவிடும். மந்தையோடு மந்தையாக, அதன் வேகத்தில், குறுக்கே போகாமல் சாய்வாக நடந்தால் பொருட்படுத்துவதில்லை. முந்தின இரவு எந்த வயலில் இறங்கின என்று சொன்னதும் நீங்கள்தான். பயிரை மேய்ந்துவிட்டுப் போன வாத்தின் பேரில் அவ்வளவு பொறுமையாகப் பேச எல்லாராலும் முடியாது.

அச்சகத்து அண்ணனுக்கு: 12-க்கு 18 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600-க்கு 5400 புள்ளிகள் வேண்டும், அதற்குக் குறையும்படி படத்தை வெட்டாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இரைச்சலை (படத்தில் குருணையாகத் தெரியும் பிசிறுகளை) முதலில் நீக்கி, அளவைக் குறைத்து, கடைசியில்தான் கூர்மை ஏற்ற வேண்டும்; மேட் தாள் மையைக் கொஞ்சம் உறிஞ்சிப் பரப்புவதால் திரையில் சற்றே மிகையாகத் தெரிகிற கூர்மைதான் தாளில் சரியாக வரும் என்பதும் அவர் சொன்னது. வரிசை மாற்றிச் செய்தால் இரைச்சலும் சேர்ந்து கூர்மையாகி, நாரை முதுகில் ரவை தூவியது போலிருக்கும்.

தட்டட்டி தந்த வீடு ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டு மரத்துக் கூட்டின் படம் ஒன்று சட்டம் போட்டு வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு தொகுதி, காவலர் அறைக்கு ஒரு தொகுதி. கூடுள்ள மரம் எது, எந்தத் தெரு என்ற விவரம் படத்தில் பதிந்திருந்ததை நீக்கிவிட்டோம். கம்பு மூட்டைகளைப் பிரித்து ஊர்ப் புறாக்களுக்கு இறைத்தாயிற்று. இருப்புச்சட்டிகளைக் கழுவித் திருப்பித் தருகிறோம். கைப்பிடி சேற்றில் மாட்டுகிறதென்று அறுத்துவிட்டோம், அதற்குரிய காசை எடைக்கடைக்காரர் வாங்க மறுக்கிறார். யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இந்தப் பருவத்தில் உங்கள் தட்டட்டிகளிலும் கரைகளிலும் படம் எடுத்தவர்கள்